கீர்த்தனையும் பாமாலையும் பழக்கமில்லாதவர்களுக்கு: வீட்டிலும் சபையிலும் பாடத் தொடங்க ஒரு வழிகாட்டி

வேலை மாற்றத்தாலோ திருமணத்தாலோ புதிதாக ஒரு தமிழ்ச் சபைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை ஆலயம் ஒன்றில் முதல் ஞாயிறு போய் உட்கார்ந்தாலே நிலைமை புரிந்துவிடும். ஆயர் பாட்டு எண்ணைச் சொல்வார். சுற்றியிருப்பவர்களில் பலர் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்கள். பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை பாடி முடித்துவிடுவார்கள். நான் வடநாட்டில் வளர்ந்து, திருமணத்துக்குப் பிறகு திருநெல்வேலிப் பக்கம் வந்தவள். எந்தப் புத்தகம், எந்த மெட்டு, எத்தனை சரணம், வீட்டு ஜெபத்தில் யார் பாட்டை எடுப்பது என்று எதையும் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே எல்லாருக்கும் சிறுவயதிலிருந்தே தெரியும் என்பதால், ஒருவருக்குத் தெரியாமல் இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அங்கங்கே கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கில் பாட்டுகள் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு பாட்டுகள், புத்தகம் இல்லாமல், முழுதாகத் தெரிந்தால் போதும். பவுலும் சீலாவும் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்ட நிலையில் நடுராத்திரியில் தேவனைத் துதித்துப் பாடினார்கள் என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. மருத்துவமனை வராந்தாவிலும், துக்க வீட்டிலும், தூக்கம் வராத இரவிலும் நம் கையில் புத்தகம் இருக்காது. மனதில் இருக்கும் பாட்டுதான் அங்கே வரும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பன்னிரண்டை நோக்கித்தான் போகின்றன.

1. எந்தப் புத்தகம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

"பாட்டுப் புத்தகம்" என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையில் பெரும்பாலும் இரண்டு தொகுப்புகள் புழங்குகின்றன: மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலை, நம் ஊர் இசையில் அமைந்த கீர்த்தனை. இரண்டும் ஒரே அட்டைக்குள் வரும் பதிப்பும் உண்டு, தனித்தனியாகவும் கிடைக்கும். லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு என்ற பெயரில் வேறு தொகுப்பு இருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் அவரவர் தொகுப்புகள் வேறு. ஆகவே ஆராதனை முடிந்ததும் உபதேசியாரிடமோ (ஆயருக்கு உதவும் சபை ஊழியர்) பாடகர் குழுவில் ஒருவரிடமோ, "நம்ம சபையில் பாடுவது எந்தப் பதிப்பு?" என்று கேளுங்கள். முடிந்தால் அவர் கையிலிருக்கும் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திருமண்டலப் (பேராயரின் கீழுள்ள சபைகளின் வட்டாரம்) புத்தகக் கடைகளிலும் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் கடையிலும் கிடைக்கும். பெரிய எழுத்துப் பதிப்பு கொஞ்சம் விலை கூடுதல், தூக்கவும் கனம். ஆனாலும் வீட்டு ஜெபத்துக்கு அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரே புத்தகத்தை மூன்று பேர் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாட்டு எண்கள் எல்லாப் பதிப்பிலும் ஒன்றல்ல. மாமியார் வீட்டுப் புத்தகத்தில் 100ஆம் பாட்டு உங்கள் புத்தகத்தில் வேறு பாட்டாக இருக்கலாம். எங்கே குறித்தாலும், யாருக்குச் சொன்னாலும் எண்ணோடு முதல் வரியையும் சேர்த்தே சொல்லுங்கள். கைபேசிச் செயலிகள் தேடுவதற்கு வசதிதான், ஆனால் எழுத்துப்பிழைகள் மலிந்தவை. சரணம் விடுபட்டதும் உண்டு. செயலியில் தேடுங்கள், மனப்பாடம் செய்வதை அச்சுப் புத்தகத்தைப் பார்த்தே செய்யுங்கள். பிழையாகப் பதிந்த வரியை மாற்றுவது புதிதாகப் படிப்பதைவிடக் கடினம்.

2. இரண்டு வகைப் பாட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் இருக்கும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள்: செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, சங்கராபரணம், முகாரி என்றெல்லாம் பார்ப்பீர்கள். கர்நாடக இசை படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அச்சிட்ட ராகமும் சபை இன்று பாடும் மெட்டும் பல பாட்டுகளில் ஒத்துப்போவதில்லை. ஒரே பாட்டை நாகர்கோவிலில் ஒரு விதமாகவும் தஞ்சாவூரில் வேறு விதமாகவும் பாடுவார்கள். நீங்கள் இருக்கும் சபை எப்படிப் பாடுகிறதோ அப்படியே கற்றுக்கொள்ளுங்கள். ராகத்தைத் திருத்தும் வேலையை முதல் வருடத்தில் கையில் எடுக்க வேண்டாம்.

தாளம் மட்டும் சரியாக இருக்கட்டும். ஆதி என்றால் எட்டு எண்ணிக்கை, ரூபகம் மூன்று, மிஸ்ர சாபு ஏழு. கைத்தட்டிப் பாடும்போது கூட்டம் வேகம் கூடிக்கொண்டே போகும். பாட்டை எடுப்பவர் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டால் அது கட்டுக்குள் இருக்கும்.

பாமாலையில் பல்லவி பெரும்பாலும் கிடையாது. ஒரே மெட்டில் எல்லாச் சரணமும் போகும். மேலே 8.6.8.6 அல்லது 8.8.8.8 என்று எண்கள் இருந்தால் அவை ஒவ்வொரு அடியின் அசை அளவு. ஒரே அளவுள்ள இரண்டு பாட்டுகளுக்கு மெட்டை மாற்றிப் போடலாம். ஒரு பாட்டின் மெட்டு தெரியவில்லை என்றால், அதே எண் வரிசையில் தெரிந்த மெட்டொன்றில் பாடிப் பாருங்கள். நெடில் வரும் இடத்தில் இசை சட்டென்று முடிந்தாலோ, குறிலை இழுக்க வேண்டி வந்தாலோ அந்த மெட்டு பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

நேரம் குறைவென்றால் சரணங்களைக் குறைப்பது வழக்கம்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "முதல் மூன்று" என்று சொல்லாதீர்கள். பல பாட்டுகள் பாவ அறிக்கையில் தொடங்கிப் பாதியில் சிலுவைக்கு வந்து கடைசியில்தான் நன்றிக்கு வரும். முதல் மூன்றோடு நிறுத்தினால் சபையைப் புலம்பலிலேயே விட்டுவிட்டு உட்காரச் சொன்னதாகிவிடும். கடைசிச் சரணம் திரியேக தேவனுக்கு மகிமை சொல்வதாக இருந்தால் அதை விடவே கூடாது.

3. உங்கள் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள்

நான் பிரித்துக்கொண்ட விதம் இது: காலைக்கு இரண்டு, மாலைக்கு இரண்டு, பொதுவான துதிப்பாட்டு இரண்டு, துன்ப நேரத்துக்கு இரண்டு, பாவ அறிக்கைக்கு ஒன்று, நன்றி சொல்ல ஒன்று, திருவிருந்துக்கு ஒன்று, துக்க வீட்டுக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் பாட்டுகளை இதில் சேர்க்கவில்லை. அவை டிசம்பரில் தானாகவே காதில் விழுந்து பதிந்துவிடும். பழக்கம் இல்லாமல் தடுமாறுவது பாவ அறிக்கையிலும் துக்க வீட்டிலும்தான்.

எந்தப் பாட்டு என்பதை வீட்டில் மூத்தவரிடம் கேளுங்கள். "உங்களுக்குக் கஷ்டமான நேரத்தில் எந்தப் பாட்டு வரும் ஆச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு மட்டும் வராது, அது ஆறுதலாயிருந்த நாளின் கதையும் வரும். அதைக் கேட்டபின் அந்தப் பாட்டு மறக்காது. அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சுதி விலகினாலும் பரவாயில்லை. ஊர்ப் பழைய மெட்டு அவர் குரலில்தான் இருக்கிறது. இசைத்தட்டிலோ காணொளியிலோ கிடைக்காது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாதத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். முதல் வாரம் பல்லவியும் முதல் சரணமும், பிறகு வாரம் ஒரு சரணம். மெட்டுக்கு முன் பொருளைப் படியுங்கள். பழைய கீர்த்தனைகளில் பராபரன், திரியேகன், கிருபாசனம், தற்பரன் போன்ற சொற்கள் அடிக்கடி வரும். தெரியாத சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் பொருள் எழுதிவையுங்கள். "ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்" என்று பவுல் எழுதியதில் இரண்டாவது பாதியை நாம் எளிதாக விட்டுவிடுகிறோம். பொருள் தெரிந்து பாடும் நாளில் அதே பாட்டு ஜெபமாகிவிடுகிறது. இது என் அனுபவம்.

4. சுருதியை முன்கூட்டியே பாருங்கள்

வீட்டு ஜெபம் பாதியில் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம் சுருதிதான். உற்சாகத்தில் மேலே தொடங்கிவிடுவோம்; அனுபல்லவியிலோ சரணத்தின் மூன்றாம் அடியிலோ உச்சம் வரும்போது யாருக்கும் எட்டாது. ஆண்கள் கீழே இறங்குவார்கள், பெண்கள் நிறுத்திவிடுவார்கள்.

தீர்வு எளிது. தொடங்குமுன் பாட்டின் மிக உயர்ந்த இடத்தை வாய்க்குள் பாடிப் பாருங்கள். அது கழுத்து நரம்பு புடைக்காமல் வருகிறதா? வந்தால் அந்த அளவில் பல்லவியைத் தொடங்குங்கள். ஆண்கள் தனியாகப் பாடினால் ஒரு கட்டைச் சுருதியும் (கீபோர்டில் C) பெண்கள் தனியாகப் பாடினால் ஐந்து கட்டைச் சுருதியும் (G) பொதுவாக ஒத்துவரும். இருவரும் சேரும்போது நடுவில் ஓர் இடத்தைத் தேட வேண்டும், அது பாட்டுக்குப் பாட்டு மாறும். பொருந்திய கட்டையைப் பாட்டின் தலைப்பில் எழுதிவைத்தால் அடுத்த முறை தேட வேண்டாம்.

சுருதிப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. இலவசச் செயலிகள் போதும். கீபோர்ட் வாங்க ஆசையிருந்தால் 61 கட்டைகள் உள்ள ஆரம்பநிலைக் கருவி பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஆனால் முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள் என்பேன். கருவி இல்லாமல் பாடிப் பழகிய வீடு எங்கேயும் பாடும். கருவியோடு மட்டுமே பழகிய வீடு, மின்சாரம் போனால் வாய் திறக்காது.

5. வீட்டு ஜெபத்தை அரை மணிக்குள் வையுங்கள்

இரவு ஜெபம் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பது வீட்டுக்கு வீடு மாறும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்பே வைத்துவிடுங்கள். சாப்பிட்டபின் வைத்தால் இரண்டாம் சரணத்தில் தூங்கிவிடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், வேத வாசிப்பு, ஜெபம், கர்த்தருடைய ஜெபம், முடிவில் ஒரு சரணம் மட்டும். இருபது நிமிடம் போதும். நீட்டினால் அடுத்த வாரம் நின்றுவிடும்.

வாரம் முழுவதும் ஒரே பாட்டைப் பாடுங்கள். தினம் ஒரு புதுப் பாட்டு என்று தொடங்குபவர்கள் களைத்துப்போகிறார்கள், எதுவும் மனதில் நிற்பதுமில்லை. திங்கள் புத்தகத்தோடு பாடுவது சனிக்கிழமை புத்தகம் இல்லாமல் வரும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தில் வரிகளை எழுதித் தருவதில் தவறில்லை. ழ, ள, ல மூன்றும் அதில் ஒன்றாகிவிடும் என்பதால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்த வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே பாட்டுப் புத்தகத்தில்தான். மெட்டு முன்பே தெரிவதால் அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று அவர்களே பிடித்துவிடுகிறார்கள்.

பாட முடியாத நாட்களும் வரும். தொண்டை கட்டியிருக்கும், மனம் உடைந்திருக்கும், பக்கத்து வீட்டில் துக்கமாக இருக்கும். அன்று பாட்டை வாசியுங்கள். ஒருவர் ஓர் அடி, மற்றவர் அடுத்த அடி. அல்லது சங்கீதம் 103ஐயோ 121ஐயோ அப்படி மாறிமாறி வாசியுங்கள். குரல் எழும்பாத நாளிலும் துதி நிற்க வேண்டியதில்லை.

6. பாடகர் குழுவில் சேர

பெரும்பாலான சபைகளில் குழுவில் சேர, சபைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். வேறு சபையிலிருந்து வருகிறீர்கள் என்றால் இவற்றைத் தயார் செய்யுங்கள்: ஞானஸ்நானச் சான்றிதழ் நகல், திடப்படுத்தல் (கன்பர்மேஷன்) பெற்றிருந்தால் அதன் சான்றிதழ், பழைய சபை ஆயரின் மாறுதல் கடிதம். இந்த மூன்றில் மாறுதல் கடிதம்தான் தாமதமாகும். ஆயர்கள் இடமாற்றம் ஆகும் காலத்தில் கேட்டால் இன்னும் இழுக்கும். ஊரை விட்டுக் கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள். பழைய சபையில் சந்தா பாக்கி இருந்தால் அதையும் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சேர்வது என்பது முக்கியம். அக்டோபர், நவம்பரில் போகாதீர்கள். அப்போது கிறிஸ்துமஸ் கீதவழிபாட்டுப் பயிற்சி தொடங்கியிருக்கும், நான்கு பாகப் பாடல்களில் (நான்கு குரல் வகையினர் வெவ்வேறு மெட்டில் சேர்ந்து பாடுவது) புதியவருக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. ஈஸ்டர் முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நல்ல நேரம். பயிற்சி பல இடங்களில் சனிக்கிழமை மாலை நடக்கும். சேரும் முன் அங்கி உண்டா, அதைச் சபை தருமா, நீங்களே தைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துணியும் தையல் கூலியும் உங்கள் செலவாக இருக்கலாம்.

இசைக் குறியீடு வாசிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம். காது நன்றாக இருந்தால் போதும். பக்கத்தில் அதே பாகம் பாடும் அனுபவசாலி ஒருவரோடு உட்காருங்கள். முதல் சில வாரம் உங்கள் குரல் அவர் குரலுக்குள் அடங்கியே இருக்கட்டும்.

7. திருமணம், அடக்கம்: பாட்டுத்தாள் வேலை

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) சபையில் வாசிப்பார்கள். ஓலைக்கான படிவத்தைக் கொடுக்கும் நாளிலேயே பாட்டுப் பட்டியலையும் ஆயரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால், அவர் ஒரு பாட்டை மாற்றச் சொன்னால் அச்சிட்ட தாள் வீணாகும். பொதுவாக நான்கு பாட்டு போதும்: தொடக்கம், செய்திக்கு முன், கையெழுத்து நேரம், முடிவு. கையெழுத்து நேரப் பாட்டு மட்டும் நீளமாக இருக்கட்டும். பதிவேட்டில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டு முடிய நேரமாகும்.

மாலைத் திருமணமென்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டியது ஆறேகாலுக்குத் தொடங்கினால் முதலில் வெட்டுப்படுவது பாட்டுகள்தான். எந்தச் சரணத்தை விடலாம் என்று கீபோர்ட் வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

தாளை ஒரு ஏ4 காகிதத்தை மடித்து நான்கு பக்கமாக அடித்தால் நகலெடுக்கும் கடையில் செலவு குறைவு. அச்சுக்கு முன் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்துரு மாறும்போது ஒற்றெழுத்தின் புள்ளியும் கொம்பும் இடம் மாறிவிடும். திருமணத்துக்கென்று சினிமா மெட்டில் வரிகளை மாற்றிப் பாடுவதை நான் ஏற்கமாட்டேன். மெட்டு காதில் விழுந்ததும் வந்திருப்பவர்களின் மனம் படத்துக்குப் போய்விடும், கர்த்தரிடம் போகாது.

அடக்க ஆராதனைக்குத் தயாராக நேரமே கிடைக்காது. வீட்டில் ஒன்று, ஆலயத்தில் இரண்டு, கல்லறையில் ஒன்று என்று நான்கு பாட்டின் முதல் வரிகளை எழுதி வேதாகமத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கல்லறையில் பாடுவது எல்லாருக்கும் தெரிந்ததாக, மெதுவானதாக, சுருதி தாழ்ந்ததாக இருக்கட்டும். அங்கே ஒலிபெருக்கி இருக்காது, அழுகையில் பாதிக் குரல் போய்விடும். உயிர்த்தெழுதலைச் சொல்லும் சரணம் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். இறந்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்; அந்தக் கேள்வியே அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

8. ஒலிபெருக்கி, கேரல் ரவுண்ட்ஸ், பதிவேற்றம்

ஒலி மாசு விதிகள், 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. இசைக் கருவிகளுக்கும் அதே தடை உண்டு. பண்டிகைக் காலத்தில் மாநில அரசு விலக்கு அளித்தால் நள்ளிரவு 12 வரை செல்லும், அதுவும் வருடத்தில் மொத்தம் 15 நாட்களுக்கு மேல் போகாது. அதனால் டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் (வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது) போகும் குழு, போகும் தெருக்கள், தேதி, வாகன எண், பொறுப்பாளர் கைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி, சபையின் கடிதத்தாளில் ஆயர் கையொப்பத்தோடு காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மீதமிருக்கும் வீடுகளுக்குக் கருவி இல்லாமல் வாசலில் நின்று மெல்லிய குரலில் ஒரு சரணம் பாடலாம். அதையே அதிகம் விரும்பும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டு உரிமை பற்றியும் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் மதச் சடங்குகளின்போது பாடுவதற்கும், திருமண நிகழ்ச்சிகளில் பாடுவதற்கும் விலக்கு இருக்கிறது. ஆலயத்தில் பாட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். புத்தகமாக அச்சிட்டு விற்பதும் யூடியூபில் போடுவதும் வேறு கதை. எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை வரிகளுக்கு உரிமை உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர், ஆகவே அவர் பாட்டுகளைத் தாராளமாகப் பாடிப் பதிவேற்றலாம். அண்மைக் காலப் பாட்டு என்றால் எழுதியவரிடமோ வெளியிட்ட நிறுவனத்திடமோ மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பாட்டு பழையதாக இருந்தாலும் இன்னொருவர் இசையமைத்துப் பதிவு செய்த இசைத்தடத்தைப் பின்னணியில் ஓடவிட்டுப் பாடினால் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை இருக்கிறது. யூடியூப் அதைக் கண்டுபிடித்துக் காணொளியின் ஒலியை நிறுத்திவிடலாம். உங்கள் சபை கீபோர்டிலேயே வாசித்துப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் காணொளி என்றால் பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.